அம்மாயிகளுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், காலமானார். வழக்கம்போல மரண அறிவித்தல் கொடுத்தோம். இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய், இன்னாரின் பாட்டி. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் ஆயுள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தாத்தாவுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுத்தான் மலை ஏறுவார். மழையும் அட்டைக்கடியும் அவருக்கு அன்றாடம். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டத்துப் பெண்களுக்குக் கிடைத்ததே 1984இல்தான். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடப்பிறந்த அண்ணன் தமிழகம் போய்விட்டார். ஹட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பியதை அம்மாயி எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். "அழுதா ரயிலு நிக்கவா போகுது?" என்பார். அப்புறம் அண்ணனைப் பார்க்கக் கிடைக்கவே இல்லை. இந்தத் துயரம் எத்தனை லயக் குடியிருப்புகளில் இருந்திருக்கும்!

தலைவர்களின் நினைவு தினங்களுக்கு முழுப்பக்கம் தருகிறீர்கள், நல்லது. இந்தப் பெண்களுக்கும் வாரம் அரைப்பக்கம் ஒதுக்க முடியுமா? இன்னும் நம்மோடு இருக்கும் அம்மாயி, அப்பாயிமாரிடம் இப்போதே கேட்டு எழுதி அனுப்பப் பேரப்பிள்ளைகள் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு பேரன்,
பொகவந்தலாவை.