ரத்தத்தில் பார்க்கிறீர்கள், பாலுக்கு ஏன் பார்ப்பதில்லை? கரீபியன் நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களுக்கு,

வணக்கம். உங்கள் தீவுகளில் ஒன்றில், ஒரு ரத்த வங்கியில் ஆய்வக ஊழியனாக இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. தீவின் பெயரைச் சொல்லவில்லை. சின்ன ஊர், நான் சொல்லப்போகும் பெண் யாரென்று பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எச்டிஎல்வி-1 என்ற வைரஸுக்குக் கர்ப்பிணிகளையும் சோதிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் இல்லை. சரி, தமிழில் எழுதினால் எனக்காவது மனசு ஆறும் என்று இப்போது எழுதுகிறேன்.

எச்டிஎல்வி-1 பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எச்ஐவியும் சேர்ந்த ரெட்ரோவைரஸ் குடும்பத்தில், மனிதரிடம் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அது. 1980இலேயே, எச்ஐவிக்கும் முன்னால். அதன் கதையில் பாதி உங்கள் மண்ணில் நடந்தது. கால்கள் விறைத்து, நடை தடுமாறி வந்த நூறு நோயாளிகளைப் பற்றி 1956இல் ஜமைக்காவிலிருந்து டாக்டர் குருக்‌ஷாங்க் எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. இப்படிக் கால் விறைப்பவர்களில் பலரிடம் இந்த வைரஸின் தடயம் இருப்பதை 1985இல் மார்டினிக்கில் கண்டார்கள். குழந்தைகளின் தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஆறாமல் கசியும் தோல்படைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1990இல் சொன்னவர்களும் ஜமைக்காவில் வேலை செய்தவர்கள்தான். இதே வைரஸால் சிலருக்கு வரும் ரத்தப் புற்றுநோய் தனிக்கதை. ஜமைக்காவில் பெரியவர்கள் 100 பேரை நிறுத்தினால் ஏறக்குறைய 5 பேர் உடம்பில் இது இருக்கும் என்பதும் உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஏப்ரல் மாதம் ஒரு பெண் எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். கணவனுக்கு அறுவை சிகிச்சை; ஈடாக ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவள். அவள் ரத்தத்தில் எச்டிஎல்வி இருந்ததால் ஒதுக்கிவிட்டோம். விஷயத்தைச் சொல்ல வேண்டிய ஆலோசகர் அன்று விடுப்பு. அவள் கையில் ஒரு சீட்டு, இடுப்பில் பதினொரு மாதக் குழந்தை. “எனக்கு எய்ட்ஸா?” என்றாள். இல்லை என்றேன். இது வேறு, பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாது, சிலருக்கு மட்டும் நோயாகும் என்றேன். எப்படி வந்திருக்கும் என்று கேட்டாள். உடலுறவில் வரலாம், ரத்தம் ஏற்றியதில் வரலாம், தாய்ப்பாலில் வரலாம்.

மூன்றாவதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றும் நினைக்கிறேன். குழந்தை அப்போது அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. கணக்குப் போட்டாள். கர்ப்பமாக இருந்தபோது எச்ஐவிக்கு ரத்தம் எடுத்தார்கள், சிபிலிஸுக்கு எடுத்தார்கள், ரத்தசோகைக்கு எடுத்தார்கள். “அத்தனை குழாய் எடுத்தார்களே, அதில் ஒன்றில் இதைப் பார்த்திருக்கலாமே?”

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத நோயாளிக்கு அவள் ஒரு பை ரத்தம் கொடுத்தால் சோதிக்கிறோம். சொந்தக் குழந்தைக்குப் பதினொரு மாதம் பால் கொடுத்தால் சோதிப்பதில்லை. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும், ரத்தத்தில் இந்தத் தொற்றைச் சோதிக்கும் எலைசா கிட்டுக்கும், கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரே ஒரு நடைபாதைதான்.

ஆதாரம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் 32 சதவீதத்துக்கும், அதற்குள் நிறுத்தியவர்களில் 9 சதவீதத்துக்கும் தொற்று வந்தது என்று 1997இல் வெளியான ஆய்வு ஜமைக்கா தாய்மார்களிடமே செய்யப்பட்டது. ஜப்பானில் நாகசாகி மாவட்டம் 1987இலேயே கர்ப்பிணிகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. தொற்றுள்ள தாய் பவுடர் பால் கொடுத்தால், ஐந்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்தது நூற்றில் இரண்டு மூன்றாகக் குறையும் என்று காட்டியும்விட்டார்கள். தடுப்பூசி இல்லாத, வைரஸை உடம்பிலிருந்து விரட்ட மருந்தும் இல்லாத ஒரு தொற்றுக்கு இதைவிட மலிவான வேலி எங்கே கிடைக்கும்?

ஆகவே கேட்பது இதுதான்: கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்டிஎல்வி-1ஐயும் சேருங்கள். தொற்றுள்ள தாய்க்குப் பால் பவுடரை இலவசமாகக் கொடுங்கள்.

எலைசா சில நேரம் தவறாகக் காட்டும், உறுதிசெய்யும் சோதனைக்குச் செலவாகும், தெரியும். ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் தாய்ப்பாலே சிறந்தது என்று எழுதி வைத்துவிட்டு ஒருத்தியை மட்டும் நிறுத்தச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்பதும் தெரியும். குழாயில் நல்ல தண்ணீர் வராத வீட்டில் புட்டிப்பாலே ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தோடு நிறுத்துவது பற்றியாவது பேசலாம். பேசுவதற்கே முதலில் அவளுக்குத் தொற்று இருப்பது தெரிய வேண்டாமா?

உண்மையான தடை வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று பாலில் போகும் வைரஸ், புற்றுநோயாக வர நாற்பது வருடம் ஆகலாம். ஐந்து வருடப் பதவிக்கு நாற்பது வருட நோய் ஒத்துவராது. ரிப்பன் வெட்ட ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. அடிமை வணிகத்துக்கு ஈடு கேட்டு ஐரோப்பாவுக்கு நீங்கள் வைத்த பத்து அம்சத் திட்டத்தைப் படித்தேன். நியாயமான திட்டம். அதில், அடிமைமுறை விட்டுச்சென்ற நோய்களாக ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அதே கப்பல்களில், சங்கிலியில் கட்டப்பட்டவர்களின் ரத்தத்தோடு வந்த இந்த வைரஸ் இல்லை. டிரினிடாட்டில் ஆப்பிரிக்க வழியினரிடம் இது இருக்கிறது. அதே தெருவில், அதே கொசுக்கடியில் வாழும் இந்திய வழியினரிடம் மிக மிக அரிது. கொசுவால் பரவாமல் குடும்பத்துக்குள்ளேயே தாயிடமிருந்து பிள்ளைக்கும், படுக்கையிலும் இறங்கி வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வரலாறு செய்த அநியாயத்துக்கு லண்டனிடமும் பாரிஸிடமும் ஈடு கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். அது வருகிறவரை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை உங்கள் மருத்துவமனையிலேயே அறுக்கலாமே. அதற்கு யாருடைய மன்னிப்பும் தேவையில்லை, ஒரு கிட் போதும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது ஏற்கனவே இதைத் தொடங்கியிருந்தால், பக்கத்துத் தீவுக்காரரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

அந்தப் பெண் அன்றே பாலை நிறுத்திவிட்டாளாம். குழந்தை மூன்று இரவு தூங்கவில்லை என்று பிறகு சொன்னாள். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் கலந்து குழப்பும் என்பதால், அதற்கு ஒன்றரை வயதான பிறகுதான் சோதித்துச் சொல்ல முடியும். அது நவம்பரில். எச்டிஎல்வி தினம் என்று உலகம் வைத்திருக்கும் நாளும் நவம்பர் 10தான். அன்று நீங்கள் அறிக்கை விடுவதாக இருந்தால், அதில் கர்ப்பிணிகளுக்கான சோதனை எந்த மாதம் தொடங்கும் என்று ஒரு வரி சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரத்த வங்கி ஊழியன்