ஆதிரங்கத்து நெல்லும் வண்ணாரப்பேட்டைக் கடையும்

ஆசிரியருக்கு,

மரபு நெல் விதைகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். திருத்துறைப்பூண்டி அருகேயுள்ள சிற்றூரான ஆதிரங்கத்தை நாடறியச் செய்தவர், மரபு நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்துப் பரப்பி, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன். 2 கிலோ விதை வாங்கினால் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும் என்பது அவர் நடத்திய நெல் திருவிழாவின் கணக்கு. பூட்டிவைத்த விதையில் முளைப்புத்திறன் குன்றும்; பூக்கும் தருணத்தில் கலவன்களை, அதாவது இடையில் கலந்து முளைத்த வேற்று ரகப் பயிர்களை, பிடுங்காவிட்டால் ரகமே கெடும். ஆகவே ஆண்டுதோறும் விளைய வேண்டும்; விளைந்தது விற்கவும் வேண்டும்.

இடறுவது விற்பனையில்தான். வண்ணாரப்பேட்டைக் கடைகளில் கிடைக்கும் மாப்பிள்ளைச் சம்பா என்ற மரபு ரக அரிசிப் பொட்டலங்கள் பலவற்றில் விலை இருக்கிறது, சமைக்கும் முறை இல்லை. பொன்னி போல மூன்று விசிலில் இறக்கினால் அரிசி விறைத்தே நிற்கும். இரவே ஊறப்போட வேண்டும். இது தெரியாமல் வாங்கியவர் மறுபடி அந்தப் பக்கம் போவாரா? ஊறும் நேரம், விளைந்த ஊர், அறுவடை ஆண்டு ஆகியவற்றைப் பொட்டலத்தில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்கலாம்.

– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை