செயல் அலுவலர் அவர்களே, முதலில் சாலையைச் சுரண்டுங்கள்

பேரூராட்சி செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மேலத் தெருவில் எங்கள் வீட்டுச் சுவரில் போன வாரம் ஒட்டிய நோட்டீஸ் பற்றி எழுதுகிறேன். 'சிதிலமடைந்த கட்டடம், இடித்து அகற்றவும்' என்கிறது. எதனால் சிதிலமடைந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

சூளைக்குப் போகாமல் வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல்லால் கட்டிய வீடு அது. வானத்திலிருந்து விழும் மழையைக் கூரை ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் பார்த்துக்கொள்ளும். அடியில் தேங்கும் தண்ணீரைத்தான் மண்சுவர் தாங்காது. முன்பு தெருவிலிருந்து திண்ணைக்குப் படியேறி வருவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டு, இப்போது இறங்கி வருகிறோம். மழைத் தண்ணீரும் எங்களோடு இறங்கி வந்து சுவரடியில் தேங்குகிறது. சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே சுற்றறிக்கை அனுப்பினார். அது நம் ஊருக்கு மட்டும் வந்து சேரவில்லை போலும்.

அந்தத் தெருப்பக்கச் சுவரின் உட்புறத்தில்தான் பாட்டி வழி வந்த தஞ்சாவூர்ப் படங்கள் இருக்கின்றன. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்துப் புடைப்பு எடுத்து, தங்க ரேக்கு ஒட்டியவை. சுவரில் ஓதம் ஏறினால் பசை விட்டுப்போகும், புடைப்பு உதிரும். வானம் இருட்டினாலே படங்களைக் கழற்றிக் கட்டிலில் அடுக்கிவிட்டு நாங்கள் தரையில் படுக்கிறோம். போன ஐப்பசியில் நவநீத கிருஷ்ணனின் வெண்ணெய்க் கை உதிர்ந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கி அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்.

நூறாண்டு கடந்த படங்கள் என்பதால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்கிறோம். கைமாற்றினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். சாலைத் தண்ணீரில் கரைந்தால் யாருக்குத் தெரிவிப்பது?

தங்கள் பொறியாளர் சிமெண்டு பூசச் சொன்னார். மண்சுவரில் சிமெண்டு பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, சுவர் உள்ளுக்குள்ளேயே கரையும். அதைச் சொன்னதும், 'அப்ப இடிச்சிட்டு காங்கிரீட்ல கட்டிக்குங்க' என்றார். விழா மேடைகளில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தித் தஞ்சாவூர் ஓவியம் கொடுப்பதும் இதே அரசு இயந்திரம்தான். கடையில் வாங்கிய புதுப் படத்துக்கு மேடை, பரம்பரைப் படத்துக்குச் சாக்கடைத் தண்ணீர். மரபு வார விழாவுக்கு ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைக் கோஷம் போட வைக்கிறோமே, அவர்களை ஒருநாள் எங்கள் தெருவுக்கும் அழைத்து வரலாம். குடை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

சரி, கோபம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மானியமோ நிவாரணமோ கேட்கவில்லை. சுண்ணாம்பும் அதில் கலக்கும் கடுக்காயும் எங்கள் செலவு, கொத்தனாரும் எங்கள் செலவு. ஐப்பசி மழைக்கு முன் சாலையைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்கு இறக்குங்கள். ஓரத்தில் தண்ணீர் ஓட வடிகால் போடுங்கள். அதுவரை நோட்டீஸை நிறுத்தி வையுங்கள். இவ்வளவுதான் தயவாகக் கேட்கிறேன். சாலையை இறக்கிய பிறகும் சுவர் நிற்காது என்று தங்கள் பொறியாளர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், இடிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
மேலத் தெரு ஓட்டு வீட்டுக்காரர்