தார்ப்பாய் பிடித்த அண்ணனுக்கு நன்றி

நேற்று சாயங்காலம் நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர் ரோட்டில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதற்காக மூன்று நாளாக அப்பா காலாலேயே கிண்டிக் கிண்டிக் காயவைத்த நெல். திடீரென்று மேற்கே கறுத்தது. மழை இருட்டினால் யார் வீட்டு நெல் என்று பார்க்காமல் ஓடிவருகிற ஊர்தான் எங்களது. நேற்று எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

பைக்கில் போன நீங்கள் கேட்காமலே இறங்கிவந்து நெல்லைக் குவித்தீர்கள். காற்று தூக்கிய தார்ப்பாயை முழங்காலால் அழுத்திப் பிடித்தீர்கள், நான் செங்கல் தேடி எடுத்துவரும்வரை. உங்கள் கழுத்தெல்லாம் நெல்லின் அரிக்கும் சுணை. ஒரு டீகூட குடிக்காமல் நனைந்துகொண்டே போய்விட்டீர்கள்.

அண்ணே, ஒரு நெல்மணிகூட நனையவில்லை. ரொம்ப நன்றி. உங்களுக்கென்று அப்பா ஒரு மரக்கால் நெல் தனியாக அளந்து வைத்திருக்கிறார்.