பழைய ஜீப்பின் தரை: துருமேல் தகடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜீப்புகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையோடு ஒரு படம் இருந்தது. இத்துப்போன தரைமேல் மேடு வரி போட்ட அலுமினியச் செக்கர் ஷீட்டை விரித்து ஓரமாக ரிவிட் அடிக்கிறார்கள். பக்கத்திலேயே ஒருவர் தரையில் வெல்டு வைக்கிறார். ஓட்டுநர் சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள், அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். படவிளக்கத்தில் 'கச்சிதமான வேலை' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து நாலு பேர் அப்படியே செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறோம்.

முதலில் டேங்க். அமெரிக்க வில்லிஸ் கம்பெனி வழிவந்த ஜீப்புகளில், போர்க்கால 'எம்பி' மாடல் முதல் மஹிந்திரா கட்டிய 'சிஜே3பி' மாடல் வரை, டேங்க் இருப்பது ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்தான். வெல்டிங் பொறி விழும் இடமும் அதுவே. பெட்ரோலை வடித்துவிட்டால் போதும் என்பார்கள். நிறைந்த டேங்க்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள். சேஸ் ஓரமாக ஓடும் பிரேக் பைப்பையும் வயரிங்கையும் ஒதுக்கிக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள்.

இனி செக்கர் ஷீட். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் ரிவிட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொடியும். இடுக்கில் தேங்கிய ஈரம் கீழே இருக்கும் இரும்பைச் சத்தமில்லாமல் தின்னும். மேலே பளபளப்பு, கீழே சல்லடை. சென்னையில் ஜீப் தரை பெரும்பாலும் கீழிருந்துதான் இத்துப்போகிறது. தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவத் தாங்கிகளுக்குள் சேறும் கடல்காற்றின் உப்பும் சேரும், வடிகால் ஓட்டை அடைபடும். போர்க்கால எம்பியில் இந்தத் தாங்கிக்குள் மரக்கட்டையையே வைத்து அடைத்திருந்தார்கள். கட்டை தண்ணீரைக் குடித்துச் சுற்றியுள்ள தகட்டை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கி நின்ற வண்டி என்றால் தாங்கிக்குள் வண்டல் இறுகிக் கிடக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

எவ்வளவு வெட்டுவது? ரப்பர் மேட்டை உரித்து, பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்குலத்துக்கு ஒரு குத்து வையுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், இத்தது பொத்தென்னும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. துரு முடியும் கோட்டில் வெட்டாமல் நல்ல தகட்டுக்குள் ஓர் அங்குலம் தள்ளி வெட்டுங்கள். காகிதம்போல் மெலிந்த ஓரத்தில் வெல்டு நிற்காது, பொத்தல் பெரிதாகிக்கொண்டே போகும்.

கிரைண்டரை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஜீப்புக்குக் கூரை கிடையாது, இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிப்பது தரைதான். அதை எடுத்தால் பாடி விரியும். 25 மி.மீ. சதுரக் குழாயைப் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, மூலைக்கு மூலை அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாடியை சேஸ் மேலேயே போல்ட் முடுக்கிய நிலையில் வைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் வெட்டுங்கள். புதுத் தாங்கியை டேக் வைக்கும்போது போல்ட் ஓட்டை சேஸ் ஓட்டைக்கு நேராக இருக்க வேண்டும். வெல்டு எல்லாம் முடித்த பிறகு போல்ட் இறங்கவில்லை என்று ஓட்டையைக் கோழிமுட்டையாக்குவது இங்கே சகஜம்.

தகடு 18 கேஜ், 1.2 மி.மீ. சிஆர் ஷீட், அதாவது பூச்சு இல்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு. 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று சுமார் 28 கிலோ வரும், முன் தரை இரண்டு பக்கத்துக்கும் தாராளம். பழைய தரையில் அழுத்தி எடுத்த வரிகள் இருந்தால் புதியதிலும் போடுங்கள். வெறும் தட்டைத் தகடு ஓடும்போது டப்பாபோல் அடிக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் வேண்டாம். வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை கிளம்பும், ராத்திரி குளிர்க்காய்ச்சலில் போய் முடியும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறைப் பேச்சு, அவ்வளவுதான்.

ஆர்க் வெல்டிங்கில் 2.5 மி.மீ. ராடின் கம்பியே தகட்டைப் போல் இரண்டு மடங்கு தடிமன். ஓட்டை விழும், அதை அடைக்கப்போய் இன்னொன்று விழும். நாம் சிஓடூ வெல்டிங் என்று சொல்லும் மிக் மெஷினில் 0.8 மி.மீ. கம்பி வைத்துச் செய்யுங்கள். ஆர்கான் 80, சிஓடூ 20 கலவை என்றால் பொறி குறையும், மெல்லிய தகட்டில் கை கட்டுப்படும். தெருவோரப் பட்டறைகளில் மத்தியானம் கடல்காற்று ஏறியதும் கேஸ் பறந்துவிடும், வெல்டு தேன்கூடு மாதிரி பொத்தலாகும். படுதா கட்டி மறையுங்கள்.

தகட்டைத் தகட்டோடு முட்ட வைத்து, கம்பித் தடிமன் அளவு இடைவெளி விட்டு, அங்குலத்துக்கு ஒரு டேக். ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று தள்ளித் தள்ளி வைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டுப் பிறகு இடைவெளியை நிரப்புங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அப்பளமாக நெளியும். தாங்கியோடு சேரும் இடத்தில் புதுத் தகட்டில் 8 மி.மீ. ஓட்டை 40 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, வைஸ் கிரிப்பால் இடுக்கில்லாமல் கவ்வுங்கள். அந்த ஓட்டையை வெல்டால் நிரப்பும்போது, கம்பியை ஓட்டை வழியே தெரியும் கீழ்த்தகட்டின் நடுவில் ஊன்றி வட்டமாக வெளியே வர வேண்டும். ஓட்டையின் ஓரத்தில் ஆரம்பித்தால் மேலே மூடி நிற்கும், கீழே பிடிக்காது, பார்வைக்கும் தெரியாது. முதலில் இரண்டு துண்டுத் தகட்டில் வைத்து உளியால் பிளந்து பாருங்கள். வெல்டு தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால் சரி, சுலபமாகக் கழன்றால் கரன்ட் போதவில்லை.

சுரண்டிய இரும்பை இந்த ஊரில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறம். அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள், ரெட் ஆக்சைடு மட்டும் போதாது. உள்பக்கம் மூடிப்போகும் இடங்களில் வெல்டு தாங்கும் ஜிங்க் பிரைமரை முன்கூட்டியே அடியுங்கள். சூட்டில் கொஞ்சம் எரியத்தான் செய்யும், அதனால் கடைசியில் தாங்கிக்குள் மெழுகு ஸ்ப்ரே செலுத்த வேண்டும். நேராகத் தாரை ஊற்றினால் அது வெடித்து, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

2021 ஜூலையில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிகள் 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு பெறலாம். சேஸ், பாடி, எஞ்சினை மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய வடிவத்திலேயே, பழைய தடிமனிலேயே தரை போட்டால் அது பழுதுபார்ப்பு. செக்கர் ஷீட்டுக்கும் நீட்டிய தரைக்கும் கேள்வி வரும். வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். சேஸ் நம்பர் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மேட் விரிக்கும் முன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வடிகால் ஓட்டைகளில் முழுக்க வடிய வேண்டும். எங்காவது தேங்கினால் அந்த இடத்தில் ஒரு 12 மி.மீ. ஓட்டை போட்டு, அதன் ஓரத்துக்கும் பிரைமர் தடவுங்கள். மேட்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், மழை விட்டதும் தூக்கிக் காயப்போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பழைய வண்டி டிங்கரிங் வேலை செய்வோர்,
அம்பத்தூர், சென்னை-53