எலி எண்டா எலி எண்டு தலைப்பிலயே போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரிலயும் மற்றப் பேப்பருகளிலயும் "மறதி நோய்க்கு மூலிகையில மருந்து" எண்டு அடிக்கடி நியூஸ் வருது, ஒருக்கா வல்லாரை, ஒருக்கா மஞ்சள், பிறகு அமுக்கரா. ஆர் சாப்பிட்டது, எவ்வளவு காலம் சாப்பிட்டது எண்ட விபரம் ஒண்டும் இருக்காது. அனேகமாச் சாப்பிட்டது எலிதான். அதை ஏன் மறைக்கோணும்?

அந்தப் பரிசோதனை எப்பிடி எண்டா, நல்லா இருக்கிற எலிக்கு ஸ்கோபொலமின் எண்ட மருந்தை ஊசியால ஏத்தி மறதியை வரப்பண்ணுவினம் (அது எங்கட வேலியோரத்து ஊமத்தையிலயும் இருக்கிற சாமான்தான், மறதியும் செடியில இருந்துதான் வருது பாருங்கோ), பிறகு தண்ணித் தொட்டிக்குள்ள விட்டு, தண்ணிக்குக் கீழ ஒளிச்சு வச்ச மேடையை எவ்வளவு கெதியாப் பிடிக்குது எண்டு பாப்பினம். மூலிகைச் சாறு குடுத்து வச்ச எலி முந்திப் போய்ச் சேந்தா ரிசல்ட் நல்லம். ஆனா மருந்து இறங்க அந்த மறதி தானாப் போயிடும். அல்சைமர் அப்பிடியில்ல, அமிலாயிட், டௌ எண்ட புரதங்கள் வருசக்கணக்கா மூளையில சேந்து கலங்கள் செத்துக்கொண்டு போற நோய்.

மூலிகை சரிவராது எண்டு நான் சொல்லேல்ல. அல்சைமருக்குக் குடுக்கிற கலன்டமின் குளிசை ஸ்னோடிராப் எண்ட பூச்செடியில இருந்து வந்ததுதான், 1950களில பல்கேரியாவில துவங்கின வேலை, அமெரிக்காவில அல்சைமருக்கு அனுமதி கிடைச்சது 2001இல. ஒரு மூலக்கூறை மட்டும் பிரிச்சு, மில்லிகிராம் கணக்கா அளந்து, நோயாளியளில சோதிச்சுத்தான் அது வந்தது, அப்பிடியிருந்தும் நோயை நிப்பாட்டாது, கொஞ்சக் காலம் சமாளிக்க உதவும், அவ்வளவுதான். ஜின்கோ எண்ட மரத்தின்ர இலைச் சாறில செய்யிற குளிசையைப் பாருங்கோ. அமெரிக்காவில 75 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 3,069 பேரை எடுத்து, அரைவாசிப் பேருக்கு ஜின்கோவும் மிச்சப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் ஆறு வருசமளவில குடுத்து 2008இல முடிவு சொன்னவை, மறதி நோயை அது தடுக்கேல்ல. கப்சியூல் வியாபாரம் மட்டும் நிக்கேல்ல.

நான் கனகாலம் பார்மசியில நிண்டவன். நியூஸை வெட்டிக் கொண்டுவந்து காட்டி "தம்பி இது இருக்கோ" எண்டு கேக்கிற ஐயாமார், அம்மாமார் கனபேர், அதில சிலபேர் கிளினிக்கில தந்த குளிசையை விட்டுப்போட்டுத்தான் வந்து நிப்பினம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுற ஆள் ஜின்கோவும் சேத்துப் போட்டா ரத்தக் கசிவு வரலாம், அதை ஆரும் எழுதுறேல்ல. தைரொயிட் குறைஞ்சாலும், விட்டமின் பி12 குறைஞ்சாலும், மனச்சோர்வு வந்தாலும், சில நித்திரைக் குளிசையளாலயும் மறதி வரும், இதுகளுக்கு மருத்துவம் இருக்கு, சிலது ஒரு ரத்த டெஸ்டிலயே பிடிபடும், அதை விட்டிட்டு ஆயிரக்கணக்கில காசு குடுத்துப் போத்தல் வாங்கினா என்ன செய்யிறது.

வல்லாரைச் சம்பலை ஆரும் விடத் தேவையில்ல, நானும் விடமாட்டன், அது சாப்பாடு.

கைதடியில யாழ் பல்கலைக்கழகத்தின்ர சித்த மருத்துவ ஆக்கள் இருக்கினம், மருத்துவ பீடமும் யாழ்ப்பாணத்திலதான் இருக்கு, நியூஸ் போட முன்னம் ஒரு கோல் எடுத்துக் கேட்டா என்ன குறைஞ்சுபோகும்? அதோட, அந்த நியூஸுக்குப் பக்கத்திலயே ஞாபகசக்திக் கப்சியூல் விளம்பரம் வராமலும் பாத்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
கோண்டாவில்.