மாதர் சங்க ஆண்டறிக்கை 2024: சங்கத்து மாமியை நினைந்து

தலைவி அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் உத்தியோகத்தர்களே, சங்கத்து அம்மாமார், அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சுழற்சிக் கடன் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் தவணைக்குக் கட்டினார்கள். முன்பள்ளி வேலி திருத்தப்பட்டது. கதிர்காமத்துக்கு நடந்துபோன அடியார்களுக்கு வழக்கம்போல மோரும் கஞ்சியும் கொடுத்தோம். கணக்கு விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு, முன்னாள் பொருளாளரும் காப்பாளருமான மாமியின் மறைவு. ஆவணி மாதம், 84 வயதில் காலமானார். பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது. 'சங்கத்து மாமி' என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

களுதாவளைத் தோட்டத்தில் வெற்றிலை வைத்தவரின் மனைவி அவர். கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வெற்றிலை கிள்ளி அடுக்குவது, மூன்று பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அவர் கையால்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி மகள்மாருக்கு வீடு வளவு கொடுக்கவேண்டுமே! மூத்தவளுக்குத் தான் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்தார். பின்வளவில் கட்டியது இரண்டாவது மகளுக்கு. கடைசி மகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறைக்குப் புருசனோடு போய் இருந்தார். மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து படுத்தபிறகு 11 வருடம் அந்த அறையில்தான் பார்த்தார். கஞ்சி பருக்கி, சாரன் மாற்றி, பேத்தியைப் பக்கத்தில் இருத்திவிட்டு 3 மணிக் கூட்டத்துக்கு எங்களுக்கு முதல் வந்து பாய் விரித்திருப்பார்.

பொதுவேலைக்குப் போகிற பெண் வீட்டைப் பார்க்கமாட்டாள் என்ற கதை இன்னும் ஊரில் உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் மாமியின் மகள்மாரிடம் ஒருதரம் கேட்டுப் பார்க்கட்டும்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபோது அவரது கடைசி மகள் கைக்குழந்தை. கூரை போய்விட்டது. விடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுந்துகிடந்த தேங்காய்களைப் பொறுக்கி, அரிசி நனையாத வீடுகளில் அரிசி வாங்கி, பொது அடுப்பு மூட்டியவர் அவர்தான் என்று மூத்த அங்கத்தவர்கள் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்ததை நாங்களே கண்டோம். கரையோரத்துச் சனம் வீதிக்கு ஓடிவந்து ஈரத்துணியோடு நின்றபோது, அந்தக் கடைசி மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்த புடவைகள் முழுவதையும் மாமி அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மகளும் சேர்ந்துதான் அள்ளிக் கொண்டுவந்தார்.

அவருடைய சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கணக்குக் கொப்பி) இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கடன் கணக்கு. கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. 'கிணற்றடி வீடு: மகளுக்கு 7 மாதம், கிளினிக்குக்குத் துணையில்லை.' 'சந்தி வீடு: பொடியன் பள்ளிக்கூடம் போகவில்லை, சப்பாத்து.' 'ஒழுங்கை வீடு: 31 (செத்தவீட்டு 31ஆம் நாள் கிரியை) முடிஞ்சுது. இனி ஒருத்தரும் போகமாட்டாங்க. நான் போகவேணும்.' போய்வந்த வீட்டுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு.

அந்த ஒழுங்கை வீட்டுக்கு நானும் கூடப் போனேன். புருசனை இழந்த பிள்ளையோடு இருந்து தேங்காய் துருவிக்கொண்டே மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தாச்சா, சேமலாப நிதிக்கு எழுதியாச்சா, வங்கிப் புத்தகம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த கிழமை அந்தப் பிள்ளையைக் களுவாஞ்சிகுடிக்குத் தானே கூட்டிப்போனார். 'மகள், செத்த வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க. அதுக்குப் பிறகுதான் ஆள் தேவை' என்று திரும்பி வரக்குள்ள என்னிடம் சொன்னார்.

நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கிய குடும்பங்களுக்கு நாங்கள் சமைத்தோம். மாமியின் பெரிய கிடாரத்தை மகள்மார் மூன்றுபேரும் கொண்டுவந்தார்கள். மாமாவுக்குக் காவல் இருந்த அந்தப் பேத்தி இரவிரவாகச் சோற்றுப் பார்சல் கட்டினார். இப்போது அவரும் எங்கள் அங்கத்தவர்.

மார்கழிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். ஊரில் சாவு விழுந்த எந்த வீட்டுக்கும், 31 முடிந்தபிறகு ஒரு வருடத்துக்கு, மாதம் ஒருமுறை சங்கத்திலிருந்து இரண்டுபேர் போகவேண்டும். பத்திரம், படிவம், வங்கி வேலைக்குத் துணை போகிறவர்களின் பஸ் காசைச் சங்கம் கொடுக்கும். போய்வந்த விபரத்தை மாமியின் கொப்பியிலேயே மிச்சப் பக்கங்களில் எழுதுவோம். இதற்குச் சபையின் அங்கீகாரம் வேண்டும். கை உயர்த்திச் சம்மதம் தாருங்கள். பெயர் தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பதியலாம். தை மாதத்துக்கு மாமியின் இரண்டாவது மகள் பெயர் தந்திருக்கிறார். அவரோடு போக இன்னும் ஒருவர் வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்